கடல் கடந்தும் கோப்பி மணக்கும்



வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெட்டி கட்டும் வீட்டில் நடக்கும் வாக்குவாதம் உங்களுக்குப் புதிதல்ல. 30 கிலோவுக்கு மேல் கூடாது என்று விமானச் சீட்டில் எழுதியிருக்கும். மிளகாய்த் தூளுக்கு இடம் கிடைத்துவிடும். மாசிக் கருவாட்டுக்கும் கிடைத்துவிடும். கடைசியில் கோப்பித் தூள் பையைக் கையில் வைத்துக்கொண்டு உம்மா நிற்பார். "அறபு நாட்டுக்குப் போகிறேன் உம்மா, கோப்பி உலகுக்குப் போனதே அந்தப் பக்கத்திலிருந்துதான்" என்று மகன் சொல்லுவான். "ஈக்கும் மகன், ஆனா எங்கட கோப்பி ஈக்குமா?" என்று உம்மா கேட்பார்.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. 2009 முதல் 2015 வரை ஆறு வருடங்கள் நான் றியாத் நகரில் ஆசிரியராகப் பணி செய்தேன். முதல் வருடம் தனியாக இருந்தேன். பிறகு மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். அங்கே நல்ல கோப்பியை எப்படித் தேடினோம், எந்தப் பாத்திரம் உதவியது, எது பணத்தை மட்டும் தின்றது என்பதை இங்கே சொல்கிறேன். மகளை, மருமகளை, சகோதரியை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கும் வீடுகளுக்கு இது பயன்படும். இதில் இன்னொரு காரியமும் இருக்கிறது. ஊரில் இருக்கும் நீங்கள் இப்போதே செய்ய வேண்டிய காரியம் அது.

எங்கள் கோப்பி எது?

எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் கடைக்குப் போனால் எதுவும் கிடைக்காது. ஆகவே முதலில் நம் வீட்டுக் கோப்பியைப் பற்றிப் பார்ப்போம்.

எனது ஊர் கண்டி மாவட்டத்தில் ஒரு மலைக் கிராமம். எங்கள் வளவுகளில் மிளகுக் கொடிக்கும் கராம்பு மரத்துக்கும் நடுவில் நாலைந்து கோப்பிச் செடிகள் நிற்கும். 1820களில் ஆங்கிலேயர் கம்பளைக்கு அருகே கோப்பித் தோட்டம் போட்டார்கள். பிறகு மலைநாடு முழுக்கக் கோப்பி பரவியது. 1869ஆம் ஆண்டில் இலைகளில் துரு போன்ற ஒரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பெருந்தோட்டங்கள் அழிந்து, அந்த நிலமெல்லாம் தேயிலையாக மாறியது. ஆனாலும் வீட்டு வளவுகளில் கோப்பிச் செடி மிஞ்சி நின்றது. உலகுக்குத் தேயிலை அனுப்பும் நாட்டில், மழை நாளிலும் மௌத்து வீட்டிலும் தடிமன் பிடித்த இரவிலும் நம் உம்மாமார் கோப்பிதான் ஊற்றினார்கள்.

சிவந்த பழத்தைப் பறித்து, காய வைத்து, தோல் நீக்கி, மண்சட்டியில் கறுக்கும் வரை வறுப்பார்கள். கொத்தமல்லியைத் தனியாக வறுத்துச் சேர்ப்பார்கள். ஒரு துண்டு வேர்க்கொம்பு, சில மிளகு. பிறகு உரலில் இட்டு இடித்து, அரிதட்டில் அரித்து, மூடி இறுகிய டின்னில் அடைப்பார்கள். குடிக்கும்போது வடியும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். ஜொக்கில் தூளைப் போட்டுக் கொதிநீரை ஊற்றி மூடி வைத்தால் மண்டி அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததைக் கோப்பையில் ஊற்றி, கித்துள் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிப்போம்.

எனவே நம் கோப்பியின் அடையாளங்கள் நான்கு: கறுக்க வறுத்த கொட்டை, கொத்தமல்லி, வேர்க்கொம்பு, மாப் போல இடித்த தூள். வெளிநாட்டுக் கோப்பி "சரியில்லை" என்று நம்மவர்கள் சொல்லும்போது, இந்த நான்கில் ஒன்றோ பலவோ அங்கே இல்லை என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள்.

கடையில் எதைக் கேட்பது?

றியாதில் பத்ஹா என்றொரு பகுதி இருக்கிறது. இலங்கை, இந்தியா, பங்களாதேஷ் மக்கள் விடுமுறை நாளில் கூடும் கடைத்தெரு அது. நம் நாட்டுச் சாமான் விற்கும் கடைகளில் கோப்பித் தூள் பக்கற்றும் கிடைக்கும். அதை வாங்கி உடைத்து முகர்ந்தால் சில வேளை அட்டைப்பெட்டி வாசம்தான் வரும். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. இடித்த தூள் கப்பலில் வந்து, களஞ்சியத்தில் கிடந்து, பிறகு தட்டில் ஏறுகிறது. கோப்பிக்கு எதிரிகள் நான்கு: காற்று, வெளிச்சம், சூடு, ஈரம். முழுக் கொட்டையாக இருந்தால் வறுத்த பிறகும் சில வாரங்கள் மணம் நிற்கும். தூளாக்கிவிட்டால் சில நாட்களிலேயே மணம் இறங்கத் தொடங்கிவிடும்.

சுப்பர்மார்க்கட்டில் போத்தலில் விற்கும் உடனடிக் கோப்பி வேறு வகை. அது ஒரு தடவை காய்ச்சி உலர்த்திய சாறு. அவசரத்துக்கு உதவும். அதைக் குடித்துவிட்டு நம் வீட்டுக் கோப்பியை எதிர்பார்ப்பது நியாயமல்ல.

அறபு நாட்டில் நல்ல கோப்பிக்குப் போக வேண்டிய இடம் "மஹ்மஸா" எனும் வறுக்கும் கடை. கச்சானும் பாதாமும் கோப்பியும் அங்கேயே வறுத்து விற்பார்கள். தெரு முனையிலேயே மணம் வழிகாட்டும். அங்கே கொட்டைகள் பெயர் சொல்லி அடுக்கப்பட்டிருக்கும். "ஹரரி", "லுக்மதி" என்பவை எத்தியோப்பியாவிலிருந்து வருபவை. "கவ்லானி" சவூதியின் தென்மேற்கிலுள்ள ஜாஸான் மலைகளிலும் யெமன் எல்லைப் பக்கத்திலும் விளைவது. அந்தக் கவ்லானிக் கோப்பியை வளர்க்கும் அறிவை 2022இல் யுனெஸ்கோ தனது பட்டியலில் சேர்த்தது.

அறபு சரளமாகப் பேசத் தெரியாத சகோதரிக்கும் சில சொற்கள் போதும். "புன்" என்றால் கோப்பிக் கொட்டை. "ஷக்ரா" என்றால் இளமஞ்சள் நிறமாக வறுத்தது. "காமிக்" என்றால் கறுக்க வறுத்தது. "அஹ்ளர்" என்றால் வறுக்காத பச்சைக் கொட்டை. எப்போது வறுத்தீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கடையில் கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். நல்ல கடையிலும் கால் கிலோவே வாங்குங்கள். முடிந்ததும் மீண்டும் போகலாம். "மலிவாகக் கிடைத்தது" என்று இரண்டு கிலோ வாங்கி வைத்தால், ஒன்றரைக் கிலோவைப் பழைய வாசத்தோடுதான் குடிக்க வேண்டி வரும்.

மஞ்சள் நிறக் கஹ்வா

நம் சகோதரிகள் அறபு வீட்டில் முதல் தடவை கஹ்வா குடித்துவிட்டு முகம் சுளிப்பதுண்டு. "இது என்ன கோப்பி? மஞ்சள் தண்ணி மாதிரி ஈக்கி, சீனியும் இல்ல" என்பார்கள். அது கெட்ட கோப்பியல்ல. அது வேறொரு பானம். அப்படி நினைத்துக் குடித்தால் அதன் அருமை விளங்கும்.

கொட்டையை இளம் நிறத்தில் வறுத்து, நொறுநொறுப்பாக அரைப்பார்கள். ஒரு லீற்றர் தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி அளவு போட்டு, மெல்லிய நெருப்பில் கால் மணி நேரம் கொதிக்க விடுவார்கள். இறக்கி மண்டி தங்கியபின் இடித்த ஏலக்காயைச் சேர்ப்பார்கள். சிலர் குங்குமப்பூவும் கராம்பும் போடுவார்கள். நீண்ட மூக்குள்ள "தல்லா" எனும் பாத்திரத்தில் அதை மாற்றி, கைப்பிடியில்லாத "ஃபின்ஜான்" எனும் சிறு கிண்ணத்தில் ஊற்றுவார்கள். சீனிக்குப் பதில் பேரீச்சம் பழம். மூன்று பழத்தோடு இரண்டு கிண்ணம் குடித்துப் பாருங்கள். கசப்பும் இனிப்பும் எப்படி ஒன்றையொன்று தாங்குகின்றன என்று தெரியும்.

அதற்கென்று ஒழுங்கும் உண்டு. தல்லாவை இடக்கையில் பிடித்து, கிண்ணத்தை வலக்கையால் நீட்ட வேண்டும். கிண்ணத்தில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் ஊற்ற வேண்டும். போதும் என்றால் விருந்தாளி கிண்ணத்தை மெதுவாக ஆட்டிக் கொடுப்பார். ஆட்டாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

வீட்டுப் பணிக்கு வந்த நம் நாட்டுச் சகோதரி ஒருவர், வந்த புதிதில் விருந்தாளிப் பெண்களுக்குக் கிண்ணம் நிறைய ஊற்றிக் கொடுத்திருக்கிறார். நிறைத்துக் கொடுப்பதுதானே நம் ஊரில் தாராளம்? அங்கேயோ நிறைத்துக் கொடுத்தால், "குடித்துவிட்டு எழும்பிப் போ" என்று சொன்ன மாதிரி. வீட்டு எஜமானி கோபப்பட்டார். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அன்றிரவு அழுததாக என் மனைவியிடம் அந்தச் சகோதரி சொன்னார். கோப்பி ஊற்றும் அளவைப் பயணத்துக்கு முன்பே ஒருவர் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தக் கண்ணீர் வந்திராது. பணிக்குப் போகும் பெண்களுக்கு அறபுச் சொற்கள் கற்பிக்கும்போது இதையும் கற்பியுங்கள்.

இந்தப் பானத்தின் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் யெமன் நாட்டு ஸூஃபிகள் இரவு வணக்கத்தில் விழித்திருக்க இதைக் குடித்தார்கள். 1511இல் மக்காவில் இது கூடுமா கூடாதா என்று பெரிய சர்ச்சை எழுந்து, அங்கிருந்த அதிகாரி கோப்பியைத் தடை செய்தார். அந்தத் தடை நீடிக்கவில்லை. "மோக்கா" என்று இன்று உலகம் சொல்லும் பெயர் யெமனின் அல்-மக்கா எனும் துறைமுகத்தின் பெயர்தான். நம் மக்கா நகரம் வேறு, அந்தத் துறைமுகம் வேறு. 2015இல் சவூதி, அமீரகம், ஓமான், கத்தார் ஆகிய நாடுகளின் அறபுக் கோப்பி வழக்கத்தை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. தாராள குணத்தின் அடையாளம் என்றே அதைக் குறிப்பிட்டார்கள்.

சூடான் அயல்வீட்டு அடுப்பு

கஹ்வா பழகிய பிறகும் நம் கோப்பிக்கான ஏக்கம் போகாது. என் மனைவிக்கு அது அதிகமாகவே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அடுத்த வீட்டிலிருந்து புகையோடு ஒரு மணம் வந்தது. "இது உம்மா கோப்பி வறுக்கிற மணமல்லவா?" என்று மனைவி எழுந்து நின்றுவிட்டார்.

அடுத்த வீட்டில் இருந்தவர்கள் சூடான் நாட்டவர்கள். மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கதவைத் தட்டினார். உள்ளே அந்தச் சகோதரி ஒரு சிறிய தாச்சியில் பச்சைக் கொட்டையை வறுத்துக்கொண்டிருந்தார். வறுத்ததை மர உரலில் போட்டு இடித்தார். இடிக்கும்போது அதில் ஒரு துண்டு வேர்க்கொம்பைப் போட்டார்! பிறகு காய்ச்சி, "ஜபனா" எனும் நீண்ட கழுத்துள்ள பாத்திரத்தில் ஊற்றி, அதன் வாயில் நார் அடைத்து, சின்னக் கிண்ணங்களில் சீனியோடு கொடுத்தார். மண்டி நாரில் தங்கிவிட்டது.

இருவருக்கும் பொதுவான மொழி கொஞ்சம்தான். என் மனைவியின் அறபு கிதாபில் படித்த அறபு. அந்தச் சகோதரியின் அறபு சூடான் பேச்சு. ஆனாலும் உரலையும் வேர்க்கொம்பையும் காட்டிப் பேச மொழி தேவைப்படவில்லை. அன்று மனைவி வீட்டுக்குத் திரும்பி வந்து சொன்னதை நான் மறக்கவில்லை. "ஊருலிருந்து தூள் வரும் வரைக்கும் நாம ஏன் காத்திருக்கணும்? கொட்டையும் இங்க ஈக்கி, வேர்க்கொம்பும் இங்க ஈக்கி, கொத்தமல்லியும் இங்க ஈக்கி. கைதான் வேணும்."

அடுத்த வாரமே மஹ்மஸாவில் அரைக் கிலோ பச்சைக் கொட்டை வாங்கினோம். வீட்டில் வறுக்க விரும்பும் சகோதரிகளுக்காக அதன் வழியைச் சொல்கிறேன்.

அடி கனத்த தாச்சியை நடுத்தர நெருப்பில் வைத்து, கொட்டையைப் போட்டுக் கை ஓயாமல் கிளற வேண்டும். முதலில் மஞ்சளாகி வைக்கோல் மணம் வரும். பிறகு மண்ணிறமாகும். அப்போது சோளம் பொரிவது போலச் சடசடவென்று ஒரு சத்தம் கேட்கும். கஹ்வாவுக்கு அந்த நேரத்திலோ அதற்கு முன்னரோ இறக்கிவிடுவார்கள். நமக்கு அது போதாது. இன்னும் கிளறினால் இரண்டாவதாக மெல்லிய சத்தம் தொடங்கும், கொட்டையில் எண்ணெய் மினுங்கும். அங்கேதான் நம் கோப்பி இருக்கிறது. அதற்கு மேல் விட்டால் கரிதான். மொத்தம் கால் மணி நேர வேலை. ஜன்னலைத் திறந்து வையுங்கள். மாடி வீடுகளில் புகைக்கு அலறும் கருவி இருக்கும். இறக்கியதும் அகன்ற தட்டில் பரப்பி விசிறி ஆற்றுங்கள். இல்லாவிட்டால் தன் சூட்டிலேயே கருகும். ஓர் இரவு விட்டு மறுநாள் இடிப்பது நல்லது. வறுத்த கொட்டையிலிருந்து வாயு வெளியேறிக்கொண்டிருக்கும்.

எந்தப் பாத்திரம் தேவை?

வெளிநாட்டுக் கடைகளில் கோப்பிப் பாத்திரங்களின் பகுதியைப் பார்த்தால் தலை சுற்றும். எனக்குத் தெரிந்த ஓர் இளம் தம்பதி கப்சூல் போடும் இயந்திரம் ஒன்றைத் தவணைக்கு வாங்கினார்கள். அதன் சிறிய கப்சூலில் ஐந்து ஆறு கிராம் தூள்தான் இருக்கும். ஒவ்வொரு கோப்பைக்கும் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். நாட்டுக்குப் பணம் அனுப்பும் நாளில் கணக்குப் பார்த்தபோது, கோப்பிச் செலவு பிள்ளையின் பாடசாலை வேன் கட்டணத்தைத் தொட்டிருந்தது. இயந்திரம் அலுமாரிக்கு மேலே ஏறியது. கால் கிலோ நல்ல கொட்டை வாங்கி, கோப்பைக்குப் பத்துக் கிராம் போட்டால் இருபத்தைந்து கோப்பை வரும். கணக்கு உங்கள் கையில்.

வாங்கத் தகுந்தவை சில இருக்கின்றன. முதலாவது, கையால் சுற்றி அரைக்கும் சின்ன ஆலை. கோப்பிக்கென்று ஒரு பாத்திரத்துக்கு மட்டும் பணம் இருந்தால் அதையே வாங்குங்கள். குடிக்கும் நேரத்தில் அரைத்தால் சாதாரணக் கொட்டையும் நல்ல கொட்டையாகும். இரண்டாவது, எகிப்தியர் "கனகா" என்றும் ஷாம் நாட்டவர் "ரக்வா" என்றும் சொல்லும், நீண்ட பிடியுள்ள சிறு பாத்திரம். மாப் போல அரைத்த தூளுக்கு இது பொருத்தம். தூளையும் தண்ணீரையும் சீனியையும் ஒன்றாகப் போட்டு, நுரை பொங்கும்போதே இறக்கிவிட வேண்டும். நம் தூளுக்கும் இது ஒத்துவரும்.

கடதாசி வடியும் நல்லதே. அதைக் கண்டுபிடித்தவர் மெலிட்டா பென்ட்ஸ் எனும் ஜேர்மன் நாட்டுக் குடும்பப் பெண். 1908இல், மண்டி கலந்த கோப்பி பிடிக்காமல், துளையிட்ட பித்தளைப் பாத்திரத்தில் மகனின் கொப்பியிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து வைத்து வடித்தார். இன்று உலகெங்கும் விற்கும் வடிதாள் அப்படித்தான் தொடங்கியது. சமையலறையில் நிற்கும் பெண்ணின் யோசனை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

தூளின் அளவுக்கு ஒரு சட்டம் உண்டு. தண்ணீரும் தூளும் சேர்ந்திருக்கும் நேரம் குறைந்தால் தூள் மென்மையாக இருக்க வேண்டும். நேரம் கூடினால் தூள் பருமனாக இருக்க வேண்டும். வடிதாளில் வடிப்பதற்கு மேசை உப்பின் பருமன் போதும். மாப் போல அரைத்த தூளை வடிதாளில் போட்டால் தண்ணீர் இறங்காமல் நின்று கசந்துவிடும். தண்ணீர் விடயத்தில் வழி எளிது. எந்தத் தண்ணீர் தனியே குடிக்க ருசியாக இருக்கிறதோ அதையே கோப்பிக்கு எடுங்கள். கொதித்து இறக்கியதும் அரை நிமிடம் பொறுத்து ஊற்றுங்கள்.

ஆலையும் இல்லை, அடுப்பும் சொந்தமில்லை என்ற நிலையில் வீட்டுப் பணிக்குப் போயிருக்கும் சகோதரி என்ன செய்வார்? ஒரு கோப்பையும் கரண்டியும் போதும். கடையிலேயே நடுத்தரமாக அரைத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு தேக்கரண்டி தூளைக் கோப்பையில் போட்டுக் கொதிநீர் ஊற்றி, நான்கு நிமிடம் தொடாமல் விடுங்கள். மேலே மிதக்கும் ஆடையைக் கரண்டியால் கலக்கி, நுரையை எடுத்துவிட்டு, மண்டி தங்கியபின் குடியுங்கள். இது ஏழையின் வழி என்று யாரும் நினைக்க வேண்டாம். கோடிக்கணக்கில் கோப்பி வாங்கும் வியாபாரிகள் கொட்டையின் தரத்தைச் சோதிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். நம் உம்மாமார் ஜொக்கில் ஊற்றி மூடி வைத்ததும் இதைத்தான்.

உள்ளங்கை அளவு

2013இல் என் உம்மா உம்றாவுக்கு வந்தார். நாங்கள் றியாதிலிருந்து 800 கிலோமீற்றருக்கும் மேல் பஸ்ஸில் பயணம் செய்து மதீனாவில் அவரைச் சந்தித்தோம். மனைவி தான் வறுத்து இடித்த தூளை ஒரு டின்னில் கொண்டுவந்திருந்தார். ஹோட்டல் அறையில் கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து, கோப்பி ஊற்றி உம்மாவின் கையில் கொடுத்தார்.

உம்மா ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு குடித்தார். "கோப்பி நல்லம் புள்ள" என்றார். பிறகு, "வேர்க்கொம்பு கொஞ்சம் கூடிப் பெய்த்து" என்றார்.

மனைவிக்கு அது பெரிய பரிசாக இருந்தது. அவர் உடனே பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். "அரைக் கிலோ கொட்டைக்கு எவ்வளவு கொத்தமல்லி மாமி?" என்று கேட்டார். உம்மா உள்ளங்கையைக் குவித்துக் காட்டி, "இவ்வளவு" என்றார். உம்மாவுக்குக் கிராமும் தெரியாது, கரண்டிக் கணக்கும் தெரியாது. மனைவி கடைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கி வந்து, உம்மாவின் உள்ளங்கையில் கொட்டி, அதைக் கரண்டியால் அளந்தார். மூன்று மேசைக்கரண்டி. வேர்க்கொம்பு, உம்மாவின் சின்ன விரலின் முதல் இரண்டு கணு அளவு. மிளகு பத்து. கொத்தமல்லி சீக்கிரம் கருகும், ஆகவே தனியாக வறுக்க வேண்டும். இடிக்கும்போது கொட்டையில் இளஞ்சூடு இருந்தால் சீக்கிரம் தூளாகும். இப்படி ஒரு பக்கம் எழுதினார். உம்மா அதைப் பார்த்துச் சிரித்து, "இதையும் எழுதுவாங்களா?" என்றார்.

2018இல் உம்மா வபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவருடைய உரல் இப்போது தம்பி வீட்டுப் பின்புறத்தில் இருக்கிறது. அவருடைய கோப்பி அந்தக் கொப்பியின் ஒரு பக்கத்தில் இருக்கிறது. ஊரில் எங்கள் குடும்பத்தில் யாரும் அதற்கு முன் அதை எழுதி வைத்திருக்கவில்லை. உம்மா இருக்கும் வரை எழுதுவதற்கு அவசியமும் இருக்கவில்லை. வெளிநாட்டில் இருந்த மருமகள் தேடியதால்தான் அது எழுத்தில் வந்தது.

அனுப்பும் வீட்டாருக்கு

சகோதரிகளே, உங்கள் பிள்ளைகள் வெளிநாடு போகும்போது தூள் கொடுத்து அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் மாதத்துக்கு அது மருந்து. ஆனால் சில கவனங்கள் வேண்டும். வீட்டில் இடித்த தூளைப் பெயரில்லாத பொலித்தீன் பையில் கட்டாதீர்கள். விமான நிலையத்தில் அது என்னவென்று விளக்குவது மொழி தெரியாத பிள்ளைக்குச் சிரமம். நன்றாக அடைத்து, ஆங்கிலத்திலும் அறபிலும் பெயர் எழுதுங்கள். கசகசாவை எந்தத் தூளிலும் சேர்க்காதீர்கள். நம் சமையலறையில் அது சாதாரணப் பொருள். சவூதியிலும் அமீரகத்திலும் அது போதைப்பொருளாகக் கருதப்பட்டுத் தடை செய்யப்பட்டுள்ளது. சாதிக்காய்க்கும் சவூதியில் கட்டுப்பாடு இருக்கிறது. அறியாமல் கொண்டுபோனவர்களும் சிக்கலில் மாட்ட நேரிடும்.

தூளோடு சேர்த்து, அதைச் செய்யும் வழியையும் எழுதிக் கொடுங்கள். உங்கள் வீட்டில் வயது முதிர்ந்த உம்மாவோ உம்மும்மாவோ மாமியோ இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து எழுதுங்கள். "ஒரு கை", "ஒரு சிட்டிகை" என்று அவர்கள் சொன்னால் அந்தக் கையிலேயே கொட்டி அளந்து எழுதுங்கள். கோப்பி மட்டுமல்ல, காய்ச்சலுக்குக் காய்ச்சும் கொத்தமல்லித் தண்ணீரும், நோன்புக் கஞ்சியின் அளவும் அப்படித்தான். அவர்களுடைய கை இருக்கும்போது அளப்பது லேசு.

என் மூத்த மகள் இப்போது கணவரோடு தோஹாவில் இருக்கிறாள். புறப்படும்போது அவளது பெட்டியில் தூள் கால் கிலோவும், அந்தப் பக்கத்தின் பிரதி ஒன்றும் இருந்தன. தூள் முடிந்த பிறகு சூக் வாகிஃபில் பச்சைக் கொட்டை தேடி வாங்கி, தானே வறுத்திருக்கிறாள். தொலைபேசியில் தாயிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "உம்மா, வாப்பும்மாட சின்ன விரல் எவ்வளவு நீளம்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எங்கள் வீட்டில் ஆள் இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். உங்கள் வீட்டிலும் இருக்கட்டும். கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக.